மா கணக்கும் டோக்கன் எண்ணும்: சர்வர் பக்கம் குக்கீ வைக்கப் பழகுவோம்

நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள சில ஊர்களுக்காக, அறுப்பு மெஷினை முன்பதிவு செய்ய ஒரு சின்ன இணையதளம் எழுதிக் கொடுத்தேன். தை பிறந்துவிட்டால் சம்பா அறுவடைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டி தேடுவார்கள். பெல்ட் வண்டியா டயர் வண்டியா, எத்தனை மா, எந்த நாள் என்று மூன்று கேள்விதான். தளம் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் போனை என்னிடம் நீட்டினார்.

"தம்பி, எப்பத் திறந்தாலும் ஏக்கர்னு வந்து நிக்குது. நமக்கு மா கணக்குதானே? நேத்தே மாத்திவிட்டேன். இன்னைக்குப் பாத்தா திரும்பவும் ஏக்கர்."

அவர் கேட்டது நியாயம். இங்கே நிலத்தை மாவிலும் வேலியிலும்தான் பேசுவோம். ஏறக்குறைய மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. நேற்று அவர் மாற்றிவைத்ததை இன்று தளம் மறந்துவிட்டது என்றால் அது என் நிரலின் குறை. அந்தக் குறையைத் தீர்க்கத் தேவையானது குக்கீ, அதாவது சர்வர் பிரவுசரிடம் கொடுத்துவைக்கும் ஒரு சின்னக் குறிப்பு. அதிலிருந்தே தொடங்கி, லாகின் வரைக்கும் படிப்படியாகப் போவோம். பிஹெச்பி, பைத்தான், நோட் இவற்றில் ஏதாவது ஒன்றில் ஒரு பக்கத்தையாவது ஓட்டிப் பார்த்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். குறிச்சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நிரலில் தட்டும்போது அவற்றின் ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

டோக்கன் யார் கையில், பதிவேடு யார் கையில்

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கிறவரிடம் ஒரு டோக்கன் இருக்கும். அதில் இருப்பது ஓர் எண். யாருடைய நெல், எத்தனை சிப்பம், ஈரப்பதம் என்ன என்பதெல்லாம் உள்ளே பதிவேட்டில் இருக்கும். அடுத்த நாள் வேறு ஆள் மேசையில் உட்கார்ந்திருந்தாலும், டோக்கனை நீட்டினால் பதிவேட்டைப் புரட்டி, "உங்க முறை நாளைக்கு" என்று சொல்லிவிடலாம்.

வலை சர்வர், தினமும் ஆள் மாறும் அந்த மேசை போன்றது. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் ஹெச்டிடிபி முறையில் ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனி. ஒரு நொடிக்கு முன்னால் வந்தவரும் இப்போது வருகிறவரும் ஒருவர்தானா என்பது அந்த முறைக்குள் எங்கும் இல்லை. 1994இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மான்டுல்லி இதற்கு ஒரு வழி கண்டார். ஆன்லைன் கடையில் பாதியில் நிற்கும் வாங்கலின் விவரத்தை சர்வரில் தூக்கிவைக்காமல், வாங்குகிறவரின் பிரவுசரிலேயே வைத்தால் என்ன என்பதுதான் அவர் முன் இருந்த கேள்வி. யுனிக்ஸ்காரர்கள் ஏற்கெனவே புழங்கிவந்த 'மேஜிக் குக்கீ' என்ற பெயரைச் சுருக்கிக் குக்கீ ஆக்கினார். இன்று பிரவுசர்கள் பின்பற்றும் விதிகளுக்கு அடிப்படை, 2011இல் வந்த ஆர்எஃப்சி 6265 என்ற ஆவணம்.

வேலை நடக்கும் விதம் மிக எளிது. சர்வர் தன் பதிலின் தலைப்புப் பகுதியில் 'செட்-குக்கி' என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறது. பிரவுசர் அதை எடுத்துவைத்துக்கொள்கிறது. அதன்பின் அதே தளத்துக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையிலும் 'குக்கி' என்ற வரியில் அந்தச் சீட்டைத் திரும்ப நீட்டுகிறது. இவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை இப்போதே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். டோக்கன் போய்ச் சேர்ந்த இடம் அவருடைய சட்டைப்பை. அதில் இருப்பதை அவர் படிக்கலாம், அடித்துத் திருத்தலாம், கிழித்துப் போடலாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுக்கலாம். இதை மறந்துதான் நான் ஒரு தடவை பெரிய தவறு செய்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் குக்கீ: மாவா, ஏக்கரா

அமைப்புப் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் வையுங்கள்: மா, ஏக்கர். அழுத்தியதும் படிவம் சர்வருக்கு வரும். அங்கே குக்கீயை எழுத வேண்டும். பிஹெச்பியில் 'செட்குக்கி' என்ற செயற்கூறு. நோடில் தளம் எழுத உதவும் எக்ஸ்பிரஸில் பதில் பொருளின்மேல் 'குக்கி'. பைத்தானில் அதே வேலைக்கான ஃப்ளாஸ்க்கில் 'செட்_குக்கி'. எதில் எழுதினாலும் கடைசியில் பிரவுசருக்குப் போவது இப்படி ஒரு வரிதான்:

செட்-குக்கி: அலகு=1; மேக்ஸ்-ஏஜ்=15552000; பாத்=/; செக்யூர்; சேம்சைட்=லாக்ஸ்

மாவுக்கு 1, ஏக்கருக்கு 2 என்று வைத்துக்கொண்டேன். 'மா' என்ற சொல்லையே ஏன் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். குக்கீயின் மதிப்பில் இடைவெளி, காற்புள்ளி, அரைப்புள்ளி, இரட்டை மேற்கோள், பின்சாய்கோடு இவையெல்லாம் கூடாது. ஆங்கில அகரவரிசைக்கு வெளியே உள்ள எழுத்துகளையும் அப்படியே வைக்கக் கூடாது. வைப்பதானால் சதவீதக் குறியிட்டு, அதாவது ஒவ்வொரு பைட்டையும் % குறியும் இரண்டு எழுத்துமாக, மாற்ற வேண்டும். பிஹெச்பி அதைத் தானாகவே செய்துவிடும். ஆனால் அதற்கு ஆகும் செலவைப் பாருங்கள். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். சதவீதக் குறியிட்டால் ஒவ்வொரு பைட்டும் 3 எழுத்தாக நீளும். 'தஞ்சாவூர்' என்று எழுதினால் மெய்ப்புள்ளியையும் உயிர்க்குறியையும் சேர்த்து 9 குறியீடுகள், 27 பைட், மாற்றியபின் 81 எழுத்துகள். ஓர் ஊரின் பெயர் ஒன்றுக்கே இவ்வளவு. ஒரு குக்கீக்குப் பெயர், மதிப்பு, பண்புகள் எல்லாம் சேர்த்து 4096 பைட் அளவுக்கே பிரவுசர்கள் இடம் தரும் என்று எண்ணிக்கொள்வது நல்லது. அதனால் ஊர்ப் பெயரை உங்கள் தரவுத்தளத்தில் வைத்துக்கொண்டு, குக்கீயில் எண்ணை மட்டும் கொடுங்கள்.

பிஹெச்பியில் புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரு நாளாவது தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இங்கேதான் வரும். குக்கீ தலைப்புப் பகுதியில் போக வேண்டியது. பக்கத்தின் உடல் ஓர் எழுத்து வெளியே போய்விட்டாலும் தலைப்பின் கதவு சாத்தப்பட்டுவிடும். அப்போதுதான் 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்ற எச்சரிக்கை வரும். பிஹெச்பி திறப்புக் குறிக்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்தாலே போதும். தமிழில் தட்டும் நமக்கு இன்னொன்றும் உண்டு. பழைய நோட்பேடில் கோப்பை யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால் அதன் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டை அது சேர்த்துவிடும். அதுவும் உடல்தான். கோப்பில் எவ்வளவு தேடினாலும் ஒன்றும் தெரியாது, எச்சரிக்கை மட்டும் வந்துகொண்டே இருக்கும். எடிட்டரில் 'பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8' என்று தேர்ந்து சேமியுங்கள் (பிஓஎம் என்பது அந்த 3 பைட்தான்). உங்கள் கணினியில் அவுட்புட் பஃபரிங் (வெளியீட்டைச் சற்றுத் தேக்கிவைத்து அனுப்பும் வசதி) திறந்திருந்தால் இந்தத் தவறு வெளியே தெரியாமல் ஓடும். ஹோஸ்டிங்கில் ஏற்றிய பிறகுதான் விழும். அதனால் குக்கீ எழுதும் நிரலை எப்போதும் கோப்பின் உச்சியில், எதையும் அச்சிடுவதற்கு முன் வைத்துப் பழகுங்கள்.

எழுதியாயிற்று. இப்போது பிரவுசரில் எஃப் 12 அழுத்துங்கள். குரோமில் 'அப்ளிகேஷன்' தாவல், ஃபயர்ஃபாக்ஸில் 'ஸ்டோரேஜ்' தாவல். இடப்பக்கம் குக்கீஸ் என்பதன்கீழ் உங்கள் தளத்தின் முகவரி இருக்கும். அதைத் தொட்டால் 'அலகு' என்ற பெயரும் 1 என்ற மதிப்பும் தெரியும். இந்தப் பலகையை மூடாமலேயே மீதிக் கட்டுரையைப் படியுங்கள். குக்கீ வேலையில் பாதிக் குழப்பம் இதைப் பார்க்காமல் ஊகிப்பதால் வருவது.

பலகையில் குக்கீ இருக்கிறது, பக்கத்தில் மட்டும் இன்னும் ஏக்கர் என்றே தெரிகிறதா? குக்கீயை எழுதிய அதே ஓட்டத்தில் அதைப் படிக்கப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். டோக்கனை இப்போதுதான் கையில் கொடுத்திருக்கிறீர்கள். அவர் அதைக் கொண்டுவந்து நீட்டுவது அடுத்த கோரிக்கையில்தான். இதற்குச் சரியான வழி, படிவம் வந்ததும் குக்கீயை எழுதிவிட்டு, 303 என்ற பதிலோடு வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவது. திரும்பிப் போகும் கோரிக்கையில் குக்கீ வந்துவிடும். பக்கத்தைப் புதுப்பித்தால் படிவம் இரண்டாம் தடவை போகும் தொல்லையும் இதோடு தீரும்.

படிக்கும்போது 1, 2 இரண்டைத் தவிர வேறு எது வந்தாலும் தள்ளிவிட்டு ஏக்கர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். குக்கீயே வராமலும் இருக்கலாம். முதல் தடவை வருகிறவரிடம் டோக்கன் எப்படி இருக்கும்?

எத்தனை நாள் இருக்க வேண்டும்

காலம் எதுவும் சொல்லாமல் அனுப்பினால் அது செஷன் குக்கீ. பிரவுசரை மூடியதும் போய்விட வேண்டும் என்பது வழக்கம். ஆனால் 'விட்ட இடத்திலிருந்து தொடங்கு' என்ற வசதியைத் திறந்து வைத்திருந்தால் மூடித் திறந்த பின்னும் அது இருக்கும். மூடினால் போய்விடும் என்று நம்பி எதையும் கட்டாதீர்கள்.

காலம் சொல்ல இரண்டு வழி. 'எக்ஸ்பயர்ஸ்' என்பதில் தேதியும் நேரமும் எழுதுவோம். 'மேக்ஸ்-ஏஜ்' என்பதில் இத்தனை விநாடி என்று எழுதுவோம். இரண்டும் இருந்தால் மேக்ஸ்-ஏஜே செல்லும். எனக்குப் பிடித்ததும் அதுதான். எக்ஸ்பயர்ஸில் கிரீன்விச் நேரம் எழுத வேண்டும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். நம் கடிகாரத்து நேரத்தை அப்படியே எழுதி, பின்னால் கிரீன்விச் என்று ஒட்டிவிட்டால் குக்கீ ஐந்தரை மணி நேரம் கூடுதலாக உயிரோடிருக்கும். லாகின் விஷயத்தில் இது சின்னப் பிழை அல்ல. விநாடிக் கணக்கில் இந்த வம்பே கிடையாது. ஒரு நாளுக்கு 86400 விநாடி. மேலே நான் கொடுத்த 15552000 என்பது 180 நாள், ஒரு போகத்துக்குத் தாராளம். பத்து வருடம் என்று எழுதினாலும் குரோம் 400 நாளுக்குமேல் வைக்காது.

எந்தெந்த மதகு வழியாகப் போகும்

நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாற்றுத் தண்ணீர் அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரியும். எந்தக் கதவைத் தூக்குகிறார்களோ அந்த ஆற்றுக்குத்தான் தண்ணீர். குக்கீயின் 'டொமைன்', 'பாத்' இரண்டும் அந்தக் கதவுகள்போல.

டொமைன் என்று எதையும் சொல்லாவிட்டால், எந்த முகவரி குக்கீயைக் கொடுத்ததோ அதற்கு மட்டுமே அது திரும்பப் போகும். சொன்னால், அந்த டொமைனும் அதன்கீழ் உள்ள துணை டொமைன்கள் எல்லாமும் அதைப் பெறும். புதியவர்கள் பலர் 'இருக்கட்டும், பாதுகாப்புக்கு' என்று டொமைனை எழுதிவைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. எழுதாமல் விடுவதுதான் குறுகிய வழி. துணை டொமைனில் நண்பர் ஒருவர் சோதனைக்காகப் போட்டுவைத்த பழைய வேர்ட்பிரஸுக்கும் உங்கள் லாகின் குக்கீ போக வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள்.

பாத் என்பதில் வேறு வகைக் குழி. அதைச் சொல்லாவிட்டால் எந்த அடைவில் இருந்த பக்கம் குக்கீயை எழுதியதோ, அந்த அடைவுக்கும் அதன் உள்ளே இருப்பவற்றுக்கும் மட்டுமே போகும். அமைப்பு என்ற அடைவுக்குள் இருந்த என் பக்கம் எழுதிய அலகு, முகப்புப் பக்கத்துக்கு வரவே இல்லை. பலகையில் பார்த்தால் குக்கீ இருக்கிறது, நிரலில் பார்த்தால் இல்லை. பாத்=/ என்று எழுதியதும் சரியாயிற்று. இனி எப்போதும் அதை எழுதிவிடுங்கள். அதேபோல, பாத்தை வைத்து எதையும் பாதுகாத்துவிட்டதாக நினைக்காதீர்கள். அது வழி காட்டுவது, பூட்டு அல்ல.

ஒரே கணினியில் இரண்டு செயலிகளை 3000, 8000 என்று இரண்டு போர்ட்டில் ஓட்டிப் பழகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குக்கீ போர்ட் எண்ணைப் பார்ப்பதில்லை. ஒன்றில் லாகின் செய்தால் மற்றொன்றில் லாகின் போய்விடுகிறது என்றால், இரண்டும் ஒரே பெயரில் குக்கீ எழுதுகின்றன. பெயரை மாற்றுங்கள், தீர்ந்தது.

நான் செய்த தவறு

அலகு சரியானதும் அதே துணிச்சலில் லாகினையும் அப்படியே செய்தேன். போன் எண்ணும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தால், 'உறுப்பினர்=41' என்று ஒரு குக்கீ. அடுத்த கோரிக்கையில் 41 வந்தால் 41ஆம் உறுப்பினரின் முன்பதிவுகளைக் காட்டு. ஓடியது, நன்றாகவே ஓடியது. பாலிடெக்னிக்கில் படிக்கும் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் ஒரு சாயங்காலம் லேப்டாப்போடு வந்து எதிரில் உட்கார்ந்தான். எஃப் 12 அழுத்தினான். 41இன்மேல் இரண்டு தடவை தட்டினான், 42 என்று மாற்றினான், பக்கத்தைப் புதுப்பித்தான். அவனுடைய சித்தப்பாவின் போன் எண், நிலம் இருக்கும் இடம், கொடுக்க வேண்டிய பாக்கி எல்லாம் திரையில் வந்து நின்றன. "அண்ணே, இது யாருக்கும் வரும்ண்ணே" என்று மெதுவாகச் சொன்னான்.

அன்று இரவே தளத்தை நிறுத்திவைத்தேன். அறுவடைக் காலத்தில் இரண்டு நாள் தளம் இல்லாமல் போனது. வண்டிக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து சொன்னேன். வேறு வழியில்லை. நம்பி எண்ணைக் கொடுத்தவர்களின் விவரம் அது.

டோக்கனில் ஆளின் வரிசை எண்ணை எழுதியதுதான் தவறு. எழுத வேண்டியது யாராலும் ஊகிக்க முடியாத ஓர் எண். அதை இப்படிச் செய்யுங்கள்.

பயனர் சரியாக லாகின் செய்ததும் குறைந்தது 128 பிட் நீளத்தில் தற்செயல் எண் ஒன்றை உருவாக்குங்கள். சாதாரண ராண்டம் செயற்கூறு ஆகாது. பாதுகாப்புக்கென்றே உள்ளதை எடுக்க வேண்டும். பிஹெச்பியில் 'ராண்டம்_பைட்ஸ்', பைத்தானில் 'சீக்ரெட்ஸ்' தொகுதி, நோடில் 'கிரிப்டோ'. தரவுத்தளத்தில் ஓர் அட்டவணை: இந்த எண், எந்த உறுப்பினர், எப்போது கொடுத்தது, எப்போது காலாவதி. குக்கீயில் எண் மட்டும். கோரிக்கை வரும்போது எண்ணை அட்டவணையில் தேடுங்கள். இருந்தால் அவர்தான், இல்லையென்றால் லாகின் பக்கம். 42 என்று யார் எழுதினாலும் அட்டவணையில் அப்படி ஒன்று இருக்காது.

பிஹெச்பியின் 'செஷன்_ஸ்டார்ட்', எக்ஸ்பிரஸின் செஷன் தொகுதி இவையெல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. அவற்றையே பயன்படுத்துங்கள், கையால் எழுத வேண்டாம். உள்ளே நடப்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு சொன்னேன். ஆனால் ஒன்று: லாகின் வெற்றியடைந்த அந்தக் கணத்தில் பழைய செஷன் எண்ணை, அதாவது குக்கீயில் போன அந்தத் தற்செயல் எண்ணை, தூக்கிப்போட்டுவிட்டுப் புதியதைக் கொடுங்கள். பிஹெச்பியில் 'செஷன்_ரீஜெனரேட்_ஐடி'. பழைய செஷனையும் அழிக்கச் சொல்லி அதற்கு ட்ரூ என்று கொடுங்கள். லாகினுக்கு முன்பே ஒருவர் தனக்குத் தெரிந்த எண்ணை அடுத்தவர் பிரவுசரில் வைத்துவிட்டால், அவர் லாகின் செய்ததும் இவரும் உள்ளே வந்துவிடுவார். புதிய எண் கொடுத்தால் அந்த வழி அடைபடும்.

ஃப்ளாஸ்க்கின் வழி சற்று வேறு. அது செஷன் விவரத்தைக் குக்கீக்குள்ளேயே வைத்து, சர்வருக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சாவியால் முத்திரை போடுகிறது. கொள்முதல் ரசீதில் ஸ்டாம்ப் அடிப்பது மாதிரி. யாராவது திருத்தினால் முத்திரை பொருந்தாது, சர்வர் ஏற்காது. ஆனால் முத்திரை போட்ட சீட்டையும் யாரும் படிக்கலாம். அதனால் கடவுச்சொல்லோ வங்கிக் கணக்கு எண்ணோ அதற்குள் போகவே கூடாது. ரகசியச் சாவியை நிரலோடு சேர்த்து கிட்ஹப்பில் ஏற்றிவிட்டால், ஸ்டாம்பையே தெருவில் வைத்ததாகும்.

மூன்று பூட்டுகள்

லாகின் குக்கீயில் மூன்றும் கட்டாயம்.

செக்யூர்: நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் ஹெச்டிடிபிஎஸ் வழியாக மட்டுமே போகும். லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும்போது இதை விட்டுவிட எந்தக் காரணமும் இல்லை.

ஹெச்டிடிபிஒன்லி: பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டுக்கு இந்தக் குக்கீ தெரியாது. உங்கள் தளத்தில் கருத்து எழுதும் பெட்டி இருக்கிறது, அதில் ஒருவர் ஸ்கிரிப்ட் ஒன்றைச் செருகிவிட்டார் என்றால், அந்த ஸ்கிரிப்ட் முதலில் தேடுவது லாகின் குக்கீயைத்தான். இந்தப் பூட்டு இருந்தால் அது கையில் சிக்காது. (அலகு குக்கீயை ஸ்கிரிப்டும் படிக்க வேண்டியிருந்ததால் அதில் இதை விட்டேன்.)

சேம்சைட்: இதில்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். வேறு ஒரு தளத்திலிருந்து உங்கள் தளத்துக்குக் கோரிக்கை வரும்போது குக்கீயையும் கூட அனுப்பலாமா என்பதை இது முடிவு செய்கிறது. 'ஸ்ட்ரிக்ட்' என்றால் அனுப்பவே அனுப்பாது. மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொட்டு வருகிறவருக்கும் முதல் பக்கத்தில் லாகின் இல்லாததுபோலத் தெரியும். 'லாக்ஸ்' என்றால் இணைப்பைத் தொட்டு வரும்போது அனுப்பும், வேறு தளத்தில் இருக்கும் படிவம் போஸ்ட் முறையில் (விவரத்தை முகவரியில் வைக்காமல் கோரிக்கையின் உள்ளே வைத்து) அனுப்பினால் அனுப்பாது. 'நன்' என்றால் எப்போதும் அனுப்பும், ஆனால் கூடவே செக்யூர் இருந்தாக வேண்டும். 2020 முதல் குரோம், எதுவும் சொல்லாத குக்கீயை லாக்ஸ் என்றே எடுத்துக்கொள்கிறது.

பெரும்பாலான தளங்களுக்கு லாக்ஸ் போதும். அதோடு ஒரு கட்டுப்பாடு: முன்பதிவை ரத்து செய்வது, பணம் கட்டியதாகக் குறிப்பது மாதிரியான வேலைகளை வெறும் இணைப்பில் வைக்காதீர்கள். இணைப்பைத் தொட்டால் லாக்ஸ் குக்கீ போய்விடும் என்று பார்த்தோமே. யாரோ அனுப்பிய இணைப்பைத் தெரியாமல் தொட்ட ஒருவரின் வண்டி ரத்தாகிவிடும். அவற்றைப் போஸ்ட் படிவமாக வையுங்கள்.

பணம் கட்டும் தளத்துக்குப் போய்த் திரும்பும்போது லாகின் போய்விடுகிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். காரணம் இதுவே. அந்தத் தளம் போஸ்ட் முறையில் உங்களிடம் திருப்பி அனுப்புகிறது, லாக்ஸ் குக்கீ கூட வருவதில்லை. உடனே லாகின் குக்கீயை நன் என்று மாற்றாதீர்கள். திரும்பி வரும் அந்த ஒரு முகவரியில் லாகினை எதிர்பார்க்காமல், பணம் கட்டும் தளம் அனுப்பும் கையொப்பத்தைச் சரிபார்த்து, ஆர்டர் எண்ணை வைத்துக் கணக்கை முடியுங்கள். பின்பு 303 கொடுத்து உங்கள் ரசீதுப் பக்கத்துக்குத் திருப்புங்கள். அந்தப் பக்கத்தில், பணம் கட்டியது முடிந்தது என்ற செய்தியோடு ஒரு 'என் முன்பதிவுகள்' பொத்தான் இருக்கட்டும். அதைத் தொட்டதும் உங்கள் தளத்திலிருந்து உங்கள் தளத்துக்கே போகும் கோரிக்கை என்பதால் லாகின் குக்கீ ஒழுங்காக வந்துவிடும்.

இன்னும் இறுக்க வேண்டுமானால் குக்கீயின் பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு, ஹோஸ்ட், ஒரு இடைக்கோடு சேருங்கள். அப்படிப் பெயர் இருந்தால் செக்யூர் உள்ளதா, பாத்=/ தானா, டொமைன் இல்லாமல் இருக்கிறதா என்று பிரவுசரே சோதிக்கும். ஒன்று குறைந்தாலும் குக்கீயை ஏற்காது.

அழிப்பது

பிரவுசரிடம் 'இந்த ஒரு குக்கீயை மட்டும் அழி' என்று சொல்லத் தனிக் கட்டளை இல்லை. அதே பெயரில், காலம் கடந்த குக்கீ ஒன்றை மறுபடி அனுப்ப வேண்டும். மேக்ஸ்-ஏஜ்=0 என்று எழுதலாம். ஆனால் எழுதும்போது என்ன பாத், என்ன டொமைன் கொடுத்தீர்களோ அதையே அழிக்கும்போதும் கொடுங்கள். ஒன்று மாறினாலும் பிரவுசர் அதை வேறு குக்கீ என்று எண்ணும். பழையது அப்படியே இருக்கும். லாகவுட் அழுத்தியும் லாகவுட் ஆகவில்லை என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

குக்கீயை அழித்தால் மட்டும் போதாது. தரவுத்தள அட்டவணையில் அந்த எண்ணின் வரியையும் அழியுங்கள். டோக்கனை வாங்கிக் கிழித்தாலும், அதன் எண்ணை முன்பே வேறொருவர் குறித்துவைத்திருக்கலாம். பதிவேட்டில் அடித்துவிட்டால்தான் அது செல்லாமல் போகும். போனைத் தொலைத்துவிட்டேன் என்று ஒருவர் வந்தால், அவருடைய எல்லா வரிகளையும் ஒரே அடியில் நீக்கிவிடவும் முடியும். எல்லா விவரத்தையும் குக்கீயிலேயே வைக்கும் முறையில் இது அவ்வளவு எளிதல்ல. அதனால்தான் சின்னத் தளத்துக்கும் அட்டவணை முறையையே நான் சொல்கிறேன்.

யாரைப் பற்றி என்ன விவரம் எடுக்கிறோம் என்பதிலும் கை அடக்கம் வேண்டும். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் தளங்களுக்கும் பொருந்தும். அலகு, லாகின் இரண்டையும் தவிர, விளம்பரக்காரர்களின் குக்கீ எதையும் நான் சேர்க்கவில்லை. அறுப்பு மெஷின் பிடிக்க வந்தவரைத் தளம் தளமாகப் பின்தொடர வேண்டிய தேவை நமக்கு இல்லை.

ஏற்றுவதற்கு முன் ஒரு மணி நேரம்

எங்கள் பக்கத்தில் இன்னும் பலர் பிரவுசிங் சென்டருக்குப் போய்த்தான் இந்த வேலைகளைச் செய்கிறார்கள். ஒரே கணினியில் ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் உட்காருவார். அதனால் தளத்தை ஏற்றுவதற்கு முன் நீங்களும் அப்படியே உட்கார்ந்து பாருங்கள். லாகின் செய்யுங்கள். எஃப் 12 பலகையில் குக்கீயின் மதிப்பில் ஓர் எழுத்தை மாற்றிப் புதுப்பியுங்கள். லாகின் பக்கம் வர வேண்டும். மறுபடி லாகின் செய்து, மதிப்பை ஒரு தாளில் குறித்துக்கொண்டு லாகவுட் செய்யுங்கள். குறித்துவைத்த மதிப்பைப் பலகையில் கையால் சேர்த்துப் புதுப்பியுங்கள். அப்போதும் லாகின் பக்கமே வர வேண்டும்.

கடைசியாக, லாகவுட் ஆனபின் பிரவுசரின் பின்னோக்கிய அம்பை அழுத்துங்கள். என் தளத்தில் குக்கீ போய்விட்டது, அட்டவணை வரியும் போய்விட்டது, ஆனாலும் முன்னால் உட்கார்ந்தவரின் பாக்கித் தொகை அப்படியே திரையில் வந்தது. பிரவுசர் தன்னிடம் சேமித்து வைத்திருந்த பழைய பக்கம் அது. லாகின் செய்தவர்களுக்குக் காட்டும் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் 'கேஷ்-கன்ட்ரோல்: நோ-ஸ்டோர்' என்று ஒரு வரி சேர்த்தேன். மறுபடி அம்பை அழுத்தினேன். லாகின் பக்கம் வந்தது. பெரியவரிடம் போனைத் திருப்பிக் கொடுத்தேன். திறந்ததும் மா என்றே காட்டியது.